முழங்காலுக்குள் ஒரு குழாய்

"மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது" என்று உங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலும்பு முனைகளை மூடியுள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேய்வதே பெரும்பாலும் காரணம்.

1918ஆம் ஆண்டில் டோக்கியோவில் டகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அந்த வழியில் வளர்ந்த கருவியே ஆர்த்ராஸ்கோப். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துளைகள் போதும். மூட்டை உள்ளே கழுவலாம், பிசிறுகளைச் செதுக்கி எடுக்கலாம். செய்துகொண்ட பலரும் வலி குறைந்தது என்றார்கள்.

குறைத்தது அறுவையா, நம்பிக்கையா? இதை எப்படிச் சோதிப்பீர்கள்? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மோஸ்லி குழுவினர் 180 நோயாளிகளை, அவர்களுடைய சம்மதத்துடன், குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு மூட்டைக் கழுவினர்; அடுத்த பிரிவினருக்குச் செதுக்கினர்; மூன்றாவது பிரிவினருக்குத் தோலை மட்டும் கீறி மூடிவிட்டனர்! (துணிச்சலான சோதனைதான்.) யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, வலியை மதிப்பிட்டவருக்கும் தெரியாது. இரண்டாண்டுகள் கவனித்தபின் 2002இல் முடிவு வெளியாயிற்று. கழுவியவர்களும் செதுக்கியவர்களும் வெறும் கீறல் பட்டவர்களைவிடச் சிறிதும் மேலாக இல்லை.

கழுவினால் தேய்ந்தது வளர்ந்துவிடுமா, என்ன? இப்போது மருத்துவர்கள் தொடைத் தசைக்குப் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் முதலில் சொல்கிறார்கள். மூட்டு முற்றிலும் தேய்ந்துபோனால் செயற்கை மூட்டு.