ஆக்சிசன் குறைந்த கடற்சேற்றில் மெயோபோனாவின் சுவாசம்

மெயோபோனா என்பது கடலடி மணலிலும் சேற்றிலும் வாழும் மிகச் சிறிய விலங்குகளின் தொகுதியாகும். 1 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் நழுவி, அதைவிட மிக நுண்ணிய சல்லடையில் தங்கும் விலங்குகள் இதில் அடங்கும். உருளைப்புழுக்களும் துடுப்புக்காலிகளும் இவற்றில் முதன்மையானவை.

வாழிடம்

கடலோரச் சேற்றில் ஆக்சிசன் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் ஆழம் வரையே இறங்கும். கரிமப் பொருளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அதை விரைவில் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். இந்நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைடு விலங்குகளுக்கு நஞ்சாகும். அரபிக்கடலில் ஏறத்தாழ 150 முதல் 1000 மீட்டர் ஆழம் வரை நீரிலேயே ஆக்சிசன் மிகக் குறைவு. அந்நீர் படும் கடலடியிலும் உருளைப்புழுக்கள் ஏராளமாக வாழ்கின்றன.

சுவாசிக்கும் முறை

உருளைப்புழுவுக்குச் செவுளும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. ஆக்சிசன் தோல் வழியே விரவி உட்புகுகிறது. இதற்குச் சிறிய உடலே துணை. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. பக்கமுள்ள 1000 துண்டுகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர செ.மீ. ஆகிறது. ஆக்சிசன் கடக்க வேண்டிய தொலைவும் குறைகிறது.

ஆனால் சிறிய விலங்குக்குச் செலவும் அதிகம். உடல் எடை 10,000 மடங்கு கூடினால் ஆக்சிசன் தேவை சுமார் 1000 மடங்கே கூடும். அதாவது, ஒரு கிராம் உடலுக்குச் சிறிய விலங்கே கூடுதல் ஆக்சிசனைப் பயன்படுத்துகிறது. எனினும் உடல் சிறுக்கும்போது தேவையைவிட மேற்பரப்பின் விகிதம் வேகமாக உயர்வதால் வரவு செலவை மிஞ்சுகிறது.

ஆக்சிசன் தீரும்போது

சில இனங்கள் மேலடுக்குக்கு நகர்கின்றன. சில உருளைப்புழுக்களில் ஆக்சிசனைப் பற்றிக்கொள்ளும் ஈமோகுளோபின் உண்டு. சேமித்த கிளைக்கோசனை ஆக்சிசனின்றிச் சிதைத்தும் சிறிது காலம் பிழைக்கலாம். ஆனால் அவ்வழியில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு.

ஆக்சிசனே இல்லாமல் ஒரு விலங்கு முழு வாழ்வையும் நடத்த முடியுமா? மத்தியதரைக் கடலின் ஆழமான லட்டலாண்ட் உவர்நீர்ப் படுகையில் அத்தகைய லொரிசிபெரா விலங்குகள் வாழ்வதாக 2010-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவை மேலிருந்து விழுந்த இறந்த உடல்களாக இருக்கலாம் என வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். விவாதம் முடியவில்லை.

முக்கியத்துவம்

கடல் வெப்பமடைவதாலும் உரக்கழிவு கலப்பதாலும் ஆக்சிசன் குறைந்த பகுதிகள் விரிவடைகின்றன. அங்கே பெரிய புழுக்களும் சிப்பிகளும் மடிந்த பின்னும் உருளைப்புழுக்கள் எஞ்சுகின்றன. மீன்குஞ்சுகளின் விருப்ப உணவான துடுப்புக்காலிகளோ விரைவில் மறைகின்றன. எனவே சேற்றில் உயிர் மிகுந்திருப்பது மட்டுமே கடல் நலமாக உள்ளதற்குச் சான்றாகாது. எவை எஞ்சியுள்ளன என்பதையும் பார்க்க வேண்டும்.