மெதுவாகப் பாடிய பெட்டி

மாரி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், திருக்கோணமலையிலிருந்து வந்த மச்சான் ஒரு சாக்கு மூட்டையை எங்கள் திரியாய் வீட்டு விறாந்தையில் இறக்கிவைத்தார். அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது, சாவி கொடுத்துப் பாடவைக்கும் பழைய கைப்பெட்டிக் கிராமபோன். மூடியின்மேல் இருந்த முத்திரை தேய்ந்து போயிருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. என் தந்தையார் சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து வந்து, பெட்டியின் மூலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது அப்புவின்ர பெட்டி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

1957 ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருக்கோணமலைத் துறைமுகத்தை இலங்கை அரசிடம் கையளித்தது. அந்நாளில் ஊருக்குப் புறப்பட்ட ஒருவரிடம் என் பாட்டனார் விலைக்கு வாங்கிய பெட்டி இது. அப்போது தந்தையாருக்கு வயது பதினொன்று. பின்னர் அத்தையின் திருமணத்தோடு பெட்டி நகரத்துக்குப் போயிற்று. போனதனாலேதான் பிழைத்தது. 1985 இல் எங்கள் ஊரில் வீடுகள் எரிந்தபோது எங்கள் வீடும் எரிந்தது. 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்து கூரை போட்டபோது, பாட்டனாரின் கையெழுத்தென்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட எங்களிடம் இல்லை. பெட்டியும் அதனோடு வந்த மூன்று இசைத்தட்டுகளுமே எஞ்சியவை. அம்மூன்றில் ஒன்று செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா பாடியது.

சாவி கொடுத்தேன். தட்டுச் சுழன்றது. பாட்டும் எழுந்தது. ஆனால் அது பாட்டாக இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலிருந்தது. பாதியில் பெட்டிக்குள் 'தொம்' என்று ஓர் ஓசை கேட்டது. பிறகு குரல் இன்னும் இறங்கி, இழுபட்டு, நின்றது.

ஊசியின் வழியே ஒரு நூற்றாண்டு

தாமஸ் எடிசன் 1877 இல் ஒலியை உருளையில் பதித்தார். எமில் பெர்லினர் 1887 இல் தட்டையான வட்டிலுக்குக் காப்புரிமை கோரினார். 1889 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மதுச்சாலை ஒன்றில், காசு போட்டால் பாடும் பெட்டி வைக்கப்பட்டது. பிற்காலத்து 'ஜூக்பொக்ஸ்' அதன் வழித்தோன்றலே. மேல்நாடுகளில் இன்றும் பலர் அத்தகைய பழம்பெட்டிகளின் உள்ளுறுப்புகளை மாதக்கணக்கில் ஆராய்ந்து சீர்படுத்துவதையே பொழுதுபோக்காகக் கொண்டிருக்கின்றனர். எங்கள் இலங்கை வானொலியின் பிறப்பிலும் கிராமபோனுக்குப் பங்குண்டு. 1923 இல் எட்வேர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பாகங்களைக் கொண்டு கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் ஒலிபரப்பிச் சோதித்தபோது, முதலில் வான்வழி சென்றவை இசைத்தட்டுப் பாடல்களே.

ஜூக்பொக்சுக்கு மின்சாரம் உண்டு. எங்கள் பெட்டிக்கு இருப்பது ஓர் எஃகு வில் மட்டுமே. கைப்பிடியைச் சுற்றும்போது, வட்டமான உறைக்குள் சுருண்டு கிடக்கும் நீண்ட எஃகு நாடா இறுகுகின்றது. அது அவிழும்போது பற்சக்கரங்கள் வழியாகச் சுழல்தட்டைச் சுழற்றுகின்றது. முழுதாக இறுகிய வில் வலிமையாகவும், தளர்ந்த வில் மெலிவாகவும் தள்ளும். அப்படியிருந்தும் பாட்டு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடவேண்டும். அதற்காகவே 'கவர்னர்' என்னும் சிறு உறுப்பு அமைந்திருக்கின்றது. ஒரு மெல்லிய தண்டைச் சுற்றி மூன்று தகட்டு வில்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஈயக் குண்டு. தண்டு விரைந்து சுழன்றால் குண்டுகள் வெளியே விலகும். விலகும்போது தண்டிலுள்ள வட்டத் தகடு இழுபட்டு ஒரு கம்பளித் துண்டில் உராயும். உராய்ந்தால் வேகம் அடங்கும். அந்தத் துண்டை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கே வெளியில் 'வேகம், மெது' என்று ஒரு நெம்பு வைத்திருக்கின்றார்கள்.

ஊகமும் சோதனையும்

சைக்கிள் திருத்தும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "வில் செத்துப் போச்சு, புதுசு போடுங்கோ" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. கிழப்பெட்டி மெதுவாக ஓடினால் அதற்கு வலுவில்லை என்று எண்ணுவதுதானே இயல்பு! புது வில்லுக்குப் பணம் அனுப்பவும் ஆயத்தமானேன். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, நாள்தோறும் பெட்டி நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகின்றது என்று எழுதத் தொடங்கினேன். தட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை ஒட்டிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இசைத்தட்டு வைக்கவில்லை, ஒவ்வொரு முறையும் வில்லை முழுதாக இறுக்கினேன்.

மழைக் காலையில் 66. வெயில் எறித்த நண்பகலில் 71. மறுநாட் காலையில் மீண்டும் 66. நெம்பை 'மெது' என்ற முனையில் வைத்தாலும் 'வேகம்' என்ற முனையில் வைத்தாலும் எண்ணிக்கையில் மாற்றமில்லை.

இந்த இரண்டு குறிப்புகளே எனக்கு வழிகாட்டின. நெம்பை நகர்த்தியும் வேகம் மாறவில்லையென்றால், வேகத்தைப் பிடித்து நிறுத்துவது கவர்னர் அன்று; வேறேதோ அதற்கு முன்பாகவே பிடித்துக்கொண்டிருக்கின்றது. வெயிலில் வேகம் கூடுகின்றதென்றால், பிடித்திருக்கும் பொருள் சூட்டில் இளகுவது. எஃகு வில் நண்பகல் வெயிலுக்கு வலிமை பெறுவதில்லை. பழைய எண்ணெயே பிசினாய் உறைந்து அச்சுகளைப் பற்றியிருக்கவேண்டும்.

உண்மை புலப்பட்ட மகிழ்ச்சியில் ஓர் அவசரம் செய்தேன். வில் முற்றாக அவிழ்ந்துவிட்டதா என்று பாராமல் கவர்னரின் திருகாணியைக் கழற்றினேன். எஞ்சியிருந்த விசையெல்லாம் ஒரு நொடியில் பாய்ந்தது. பெட்டி உறுமிற்று. பற்சக்கரம் என் சுட்டுவிரலைக் கிழித்தது. சக்கரத்துப் பற்கள் உடையாமல் தப்பியது பெரும்பேறு. அன்று பெட்டியை மூடிவைத்துவிட்டு ஒரு வாரம் தொடவில்லை. பழைய பெட்டியைத் திறக்கும் எவருக்கும் நான் சொல்லக்கூடிய முதற் பாடம் இதுவே: வில்லை முழுதும் அவிழவிடாமல் கவர்னரைத் தொடாதீர்கள்.

பிறகு ஒழுங்காகத் தொடங்கினேன். ஒரு வேளைக்கு ஒரு மாற்றம், மாற்றத்தின் பின் ஓர் எண்ணிக்கை என்று விதித்துக்கொண்டேன். சுழல்தட்டின் நடுத்தண்டை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன். கருப்பட்டிப் பாகு போன்ற கசடு கழன்றது. தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு இட்டு மீண்டும் பூட்டினேன். 75. கவர்னர்த் தண்டின் இரு முனைகளையும் தாங்கும் குழிகளைத் துடைத்து, தண்டு இறுகிப்போகாமல் மயிரிழை இடம் விட்டுப் பூட்டினேன். வேகம் 80 ஐத் தாண்டிற்று. நெம்பும் சொற்கேட்டது. முன்னே நகர்த்தினால் கூடியது. பின்னே நகர்த்தினால் குறைந்தது.

இப்போது, அதுவரை மெதுவோட்டத்தில் மறைந்து கிடந்த வேறொரு பழுது வெளிவந்தது. வேகம் ஒரு நிலையில் நில்லாமல் அலைந்தது. மூன்று தகட்டு வில்களில் ஒன்று திருகாணித் துளையருகே வெடித்திருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் சமநிலை கெடும் என்பதால், ஒரே கனமுள்ள மூன்று தகடுகளைத் தருவித்து மூன்றையும் மாற்றினேன். 'தொம்' என்ற ஓசைக்குக் காரணம் வில்லுறைக்குள் இருந்தது. கிறீஸ் காய்ந்து, நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, திடீரென்று விடுபடும்போது எழுந்த அதிர்ச்சியே அது. தடித்த கையுறையணிந்து, வில்லை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்துக் கழுவி, கிராபைட் கலந்த புதுக் கிறீஸ் பூசி உள்ளே வைத்தேன். செத்துப் போயிற்று என்று நாங்கள் தீர்ப்புச் சொன்ன அந்த வில்லில் ஒரு கீறலும் இல்லை.

கடைசியாக ஒலிப்பெட்டி. ஊசியின் அதிர்வை வாங்கும் மென்தகட்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கல்லாய் இறுகி, குரலோடு ஒரு கரகரப்பையும் சேர்த்திருந்தது. சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர்க் குழாயை அளவாக வெட்டிப் பொருத்தினேன். நண்பரே அதைக் கொடுத்தார். "வில் நல்லாத்தான் இருந்ததோ?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டார். ஊசியையும் மாற்றினேன். தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது ஊசி வேண்டும் என்பது பழைய விதி. அரக்கோடு கல்தூள் கலந்து வார்த்த தட்டு, மூன்று நிமிடப் பாட்டுக்குள் எஃகு ஊசியைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஊசி பின்னர் தட்டின் வரியை அரிக்கும். எனவே என் சோதனைகளையெல்லாம் விளிம்பு உடைந்த ஒரு தட்டிலேயே செய்தேன். கிட்டப்பாவைத் தொடவில்லை.

குரல் யாருடையது?

வேகத்தைச் சரியாக நிறுத்துவதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. 77 கோடுகள் சம இடைவெளியில் வரைந்த வட்டக் கடதாசியைச் சுழல்தட்டின்மேல் வைத்து, மின்சாரத்தில் எரியும் சிறிய நியான் விளக்கின் ஒளியில் பார்க்கவேண்டும். எங்கள் நாட்டு மின்னோட்டத்தில் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகின்றது. தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழலும்போது கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். அன்றிரவு கோடுகள் நின்றன. தந்தையாரை அழைத்து அருகில் இருத்தி, கிட்டப்பாவின் தட்டை வைத்தேன்.

உச்சத்தில் நின்று சிறகடிக்கும் குரல் வீட்டை நிரப்பிற்று. 1933 இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்த ஒருவரின் குரல் அது. பாட்டு முடிந்தது. தந்தையாரின் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினேன், காணவில்லை.

"நல்லாயிருக்கு, தம்பி. ஆனா இது அவரின்ர குரல் இல்லை" என்றார்.

"அதே தட்டுத்தான், அப்பா."

"தட்டு அதுதான். குரல் இதில்லை. அவர் இவ்வளவு கீச்சுக்குரலிலை பாடமாட்டார்."

எனக்குச் சினம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நான்கு மாத உழைப்பு! கிட்டப்பாவை நேரில் கேட்டவர் அல்லர் என் தந்தையார். அவர் பிறக்குமுன்பே பாடகர் மறைந்துவிட்டார். மறுநாள் ஆசிரிய நண்பர் ஒருவரின் ஆர்மோனியத்தை இரவல் வாங்கி வந்தேன். தட்டில் பக்கவாத்தியமாக ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதி, 78 சுற்றில், நண்பரின் பெட்டியில் ஒரு கட்டையோடு இணங்கி நின்றது. அக்காலத்துத் தட்டுகள் யாவும் 78 சுற்றிலேயே பதிவானவை என்று சொல்ல இயலாது. சற்றுக் கூடியும் குறைந்தும் பதிவானவை உண்டு. எனினும் இத்தட்டுக்கு என் கணக்குச் சரியே என்று உறுதிகொண்டேன்.

உறுதியை அவரிடம் சொல்லப் போனபோது, சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். "அப்பு எப்பிடி அப்பா இதைப் பாடவைப்பார்?"

அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்பு ஒரு கொப்பி வைச்சிருந்தார். பாட்டுப் படிக்கப் படிக்க எழுதுவார். வேகமாப் போனா எழுத ஏலாது எண்டு அந்தக் கட்டையைக் கொஞ்சம் பின்னாலை தள்ளிவிடுவார். நான் பக்கத்திலை இருந்து சாவி குடுப்பன்."

கொப்பி 1985 இல் வீட்டோடு போயிற்று. அதில் என்ன பாடல்கள் இருந்தன என்று சொல்வார் இல்லை. ஆனால் அந்தக் கொப்பிக்காக மெதுவாக்கப்பட்ட குரல், பதினொரு வயதுப் பையனின் செவியில் புகுந்து இன்றுவரை அழியாமல் இருந்திருக்கின்றது.

தட்டை மீண்டும் வைத்து, நெம்பில் கைவைத்துச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்தினேன். குரல் இறங்கிற்று. 76, அவர் தலையசைத்தார். 74, இன்னும், என்று கைகாட்டினார். பிறகு கையை நிறுத்திக் கண்களை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 72 சுற்று. சுருதி அரைக் கட்டைக்கும் அதிகமாகவே தாழ்ந்திருந்தது. ஆர்மோனியத்தில் தேடிப்பார்த்தேன், அது இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ நின்றது. அந்தச் சுருதிக்கு அப்பெட்டியில் இடமில்லை.

பழுது என்று நான் எண்ணிய மெதுவும் பாட்டனார் வைத்த மெதுவும் வேறு வேறு. முன்னது பிசின் பிடித்ததால் வந்தது; பின்னது ஒருவர் வேண்டி வைத்தது. பெட்டி சீர்கெட்டிருந்தபோது மெதுவைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இப்போது 78 உம் ஓடும், 72 உம் ஓடும்.

கிட்டப்பாவின் பாட்டை 78 சுற்றில் ஒருமுறை கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வைத்திருக்கின்றேன். நண்பர்கள் கேட்டால் அதையே கேட்பிக்கின்றேன். தட்டைத் தேயவிடாமல் வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும், புது ஊசி மாட்டி, தந்தையாருக்காக ஒருமுறை வைக்கின்றேன். சாவியை அவரே கொடுக்கின்றார். நெம்பு பின்னே தள்ளி இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்வது என் வேலை.