பரண் கணினிக்கு மறுவாழ்வு – 6: ஒலி எங்கே நிற்கிறது?

சென்ற வாரம் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, வைஃபையையும் இணைத்தோம். திரை பளிச்சென்று இருக்கிறது, இணையம் வருகிறது. ஒரு பாட்டைப் போட்டால் நேரம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. பலர் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். 'ஸ்பீக்கர் போயிடுச்சு' என்று முடிவுகட்டி, கணினியை மறுபடி பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். ஒலி வராத பல கணினிகளில் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் மேல்தொட்டியில் தொடங்கி ஒவ்வொரு வால்வாகப் பார்த்துக்கொண்டு வருவோம் அல்லவா? ஒலிக்கும் அதே முறைதான். பாட்டு முதலில் பிளேயரிலிருந்து பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் என்ற ஒலிச் சேவைக்குப் போகிறது. அங்கிருந்து லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள ஆல்சா என்ற ஒலி அமைப்புக்கு. ஆல்சா அதை ஒலிக் கன்ட்ரோலரிடம் கொடுக்கிறது. கன்ட்ரோலர் 'கோடெக்' என்ற சிறிய சிப்புக்கு அனுப்புகிறது. எண்களை மின்னலையாக மாற்றுவது கோடெக்கின் வேலை. அதன் பிறகு ஆம்ப்ளிஃபயர், கடைசியில் ஸ்பீக்கர். லினக்ஸில் இவற்றில் பெரும்பாலான படிகளை நாமே திறந்து பார்க்கலாம்.

இந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. 1990-களில் லினக்ஸில் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை போட்டவர்கள் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று ஒவ்வொன்றையும் தாங்களே எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. பின்லாந்தைச் சேர்ந்த ஹன்னு சவோலைனன் எழுதிய டிரைவர்கள்தான் அன்று கைகொடுத்தன. 1998-இல் யாரோஸ்லாவ் கிசெலா என்ற செக் நாட்டு நிரலாளர் தொடங்கிய பணி ஆல்சாவாக வளர்ந்தது. கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒரே ஒரு அட்டைக்கு நல்ல டிரைவர் வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கம். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் லினக்ஸின் முதன்மை ஒலி அமைப்பாகவே அது ஆகிவிட்டது.

2004-இல் இன்டெல் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ' என்ற தரத்தை வெளியிட்டது. அதன் பிறகு வந்த மடிக்கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இதன்படி அமைந்தவை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்து, இன்று வீட்டில் சும்மா கிடக்கும் கணினி உங்களிடம் இருந்தால் இந்த வாரப் பாடத்தை அதிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் பாதி வேலை முடிந்தது. டிரைவரும் கோடெக்கும் நலம், சிக்கல் ஸ்பீக்கருக்குப் போகும் கடைசி வழியில்தான். ஹெட்போனிலும் வராவிட்டால் ஒலி எந்த அட்டைக்குப் போகிறது என்று பாருங்கள். 2013 வாக்கில் வந்த இன்டெலின் ஹாஸ்வெல் கணினிகளில் எச்டிஎம்ஐ-க்குத் தனி ஒலிக் கன்ட்ரோலர் உண்டு. பல நேரங்களில் அது முதல் அட்டையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்பீக்கருக்கான அட்டை இரண்டாவதாகிவிடும். டிவி எதுவும் இணைக்காத எச்டிஎம்ஐ துளைக்குப் பாட்டு போய்க்கொண்டிருக்கும். ஒலி அமைப்புகளில் வெளியீட்டை மாற்றினாலே போதும்.

அடுத்து டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறக்கவும். எஃப்6 விசையை அழுத்தினால் அட்டைகளின் பட்டியல் வரும். உங்கள் அட்டையைத் தேர்ந்தெடுத்ததும் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று வரிசையாகத் தூண்கள் நிற்கும். தூணின் அடியில் இரண்டு 'எம்' இருந்தால் அந்த வழி மூடியிருக்கிறது என்று பொருள். அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையைத் தட்டினால் இரண்டு 'ஓ' ஆக மாறும், வழி திறந்துவிடும். மாஸ்டர் திறந்திருந்து ஸ்பீக்கர் மட்டும் மூடியிருப்பது அடிக்கடி காணும் காட்சி. வலப்பக்கம் நகர்ந்தால் 'ஆட்டோ மியூட்' என்ற ஒன்றும் சில கணினிகளில் தென்படும். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரை அடைப்பது அதன் வேலை. பழைய ஜாக்கில் தூசு சேர்ந்தோ கம்பி வளைந்தோ இருந்தால், ஹெட்போன் செருகியே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். ஆட்டோ மியூட்டை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஸ்பீக்கர் பேசாத கணினி ஒன்றை அண்மையில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை என்னிடம் கொண்டுவந்தார். "சார், ஹெட்போன்ல கேட்குது. ஆனா ஒரு வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஒரு ஹெட்போனை வச்சு நான் என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கோடெக்கில் இருந்தது.

ஹை டெஃபனிஷன் ஆடியோவில் கோடெக்கின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு விவர எண் உண்டு. அந்தக் காலில் என்ன பொருத்தியிருக்கிறது என்பதை பயாஸ் என்ற தொடக்க நிரல் அதில் எழுதிவைக்கும். ஒரே ரியல்டெக் சிப்பை வாங்கும் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாக வயர் இணைப்பதால் இந்த எண் தேவைப்படுகிறது. உதாரணமாக 90170110 என்ற எண்ணில் 9-ம் 0-வும் பெட்டிக்குள் நிலையாகப் பொருத்தியது என்றும், மூன்றாவதாக வரும் 1 ஸ்பீக்கர் என்றும் சொல்கின்றன. 411111 என்று தொடங்கினால் 'இங்கே எதுவும் இல்லை' என்று அர்த்தம். கெர்னல் இந்த எண்களை அப்படியே நம்பும்.

ஆசிரியையின் கணினியில் கோடெக் விவரக் கோப்பைத் திறந்து பார்த்தோம். ஹெட்போன் இருந்தது, மைக் இருந்தது, ஸ்பீக்கர் என்று ஒரு கால்கூட இல்லை. மற்ற கால்கள் எல்லாமே 411111. பெட்டியிலோ இரண்டு ஸ்பீக்கர்களும் கண்ணெதிரே இருந்தன. பயாஸ் எழுதியிருந்த விவரம் தவறு.

இதற்காகவே டேவிட் ஹென்னிங்சன் என்ற நிரலாளர் 'எச்டிஏ ஜாக் ரீடாஸ்க்' என்ற கருவியை உருவாக்கினார். இணைப்பில்லாத கால்களையும் காட்டச் சொன்னோம். ஒலி வெளியிடக்கூடிய ஒரு காலை 'உள் ஸ்பீக்கர்' என்று குறித்து, சோதனை ஒலியை ஓடவிட்டோம். ஒன்றுமில்லை. அதைப் பழையபடி மாற்றிவிட்டு அடுத்த காலைக் குறித்ததும் இரண்டு ஸ்பீக்கரும் இரைந்தன. கணினி தொடங்கும்போதெல்லாம் இந்தத் திருத்தம் ஏறும்படி அதே கருவியில் பதிந்துகொடுத்தோம். பணச் செலவு எதுவும் இல்லை. நீங்கள் இதைச் செய்யும்போது ஒலி அளவைக் குறைத்துவைத்துக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் மாற்றுங்கள்.

2014-ஐ ஒட்டி வந்த மலிவான ஆட்டம் மடிக்கணினிகள் சிலவற்றுக்கு இந்த வழி உதவாது. அவற்றின் ஒலி அமைப்பே வேறு, புதிய கெர்னல் ஏற்றுவதே அங்கே முதல் மருந்து. உண்மையிலேயே ஸ்பீக்கர் பழுதா என்று அறிய, கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 4 அல்லது 8 ஓமை ஒட்டிக் காட்டினால் ஸ்பீக்கர் சுருள் அறுந்துபோகவில்லை.

உங்கள் கணினி பேசியதும் மூடிவைத்துவிடாதீர்கள், ஒரு கடமை பாக்கி இருக்கிறது. கெர்னலின் மூல நிரலில் ரியல்டெக் சிப்புகளுக்கான பகுதியில் நீண்ட அட்டவணை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரு மாடலின் அடையாள எண், பெயர், அதற்குச் செய்ய வேண்டிய திருத்தம். ஒருவர் தன் கணினியில் ஒலி வராமல் திண்டாடி, வழி கண்டுபிடித்து, அதை எழுதி அனுப்பியதால் வந்த வரிகள் அதில் ஏராளம். சூசெ நிறுவனத்தின் தகாஷி இவாய் பல்லாண்டுகளாக இத்தகைய திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்த்துவருகிறார். உங்கள் கணினியில் லினக்ஸ் ஏற்றியதுமே ஒலி வந்திருந்தால், முகம் தெரியாத ஒருவர் உங்களுக்கு முன்பே அந்த வேலையைச் செய்துவைத்திருக்கலாம்.

நாம் வாங்கிய இந்தக் கடனை நாமே அடைப்பதுதான் முறை. ஆல்சா இன்ஃபோ என்ற ஸ்கிரிப்டை ஓட்டினால் கோடெக்கின் முழு விவரமும் ஒரே கோப்பில் கிடைக்கும். எந்தக் காலை எப்படி மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து ஆல்சா குழுவினருக்கு அனுப்புங்கள். எளிய ஆங்கிலம் போதும். அது ஒரு வரியாகச் சேர்ந்துவிட்டால், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு பள்ளியில் யாரும் கோடெக் எண்ணைப் படிக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம்: தமிழ் விசைப்பலகையும் எழுத்துருக்களும்.