கிக்கரை விடு, பிளக்கைப் பார்!



மார்கழிக் காலை. ஒன்பது மணிக்குப் பிராக்டிகல் எக்ஸாம். எக்ஸ்டர்னல் வந்து உட்கார்ந்தாயிற்று. நம்ம ஆள் இன்னும் வீட்டு வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டே இருக்கிறான். வலது கால் ஓய்ந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்கிறான். கடைசியில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், முக்கால்வாசி நேரம் அந்த வண்டியில் பெரிய பழுது ஒன்றும் இருக்காது. பிளக் நனைந்திருக்கும், அவ்வளவுதான். நனைத்தது யார்? சாட்சாத் உதைத்தவரேதான்!

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை அதில் உள்ள கம்ப்யூட்டரே இன்ஜின் சூட்டைப் பார்த்து முடிவு செய்யும். அந்தப் பாக்கியவான்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம். நம்மில் பலர் ஓட்டுவது அப்பா ஓட்டியது, மாமா கொடுத்தது, கன்சல்டிங்கில் பேரம் பேசி எடுத்தது. ஆர்.எக்ஸ்.100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் விற்றது. ஆனாலும் இன்றுவரை மவுசு குறையவில்லை. இந்தக் கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது, ஆவியானால்தான் எரியும். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று எடைக்கணக்கில் படித்திருக்கிறோம். அது முழுக்க ஆவியான பெட்ரோலுக்கு உள்ள கணக்கு. இரவெல்லாம் பனியில் நின்ற இன்ஜினில் பெட்ரோலின் லேசான பகுதி மட்டும்தான் ஆவியாகும். மீதி துளித்துளியாக சிலிண்டர் சுவரிலும் கிராங்க் கேஸிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் பற்றுகிற அளவுக்கு ஆவி கிடைக்க வேண்டுமானால் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சோக்.

சோக்கில் இரண்டு ஜாதி உண்டு. பல 4 ஸ்ட்ரோக் பைக்குகளில் இருப்பது கார்புரேட்டர் வாயை மூடுகிற தகடு. அது காற்றைக் குறைக்கும், பேருக்கேற்ற சோக். ஆர்.எக்ஸ்.100 மாதிரி மிக்குனி கார்புரேட்டரில் இருப்பது வேறு. அங்கே காற்றை எதுவும் அடைப்பதில்லை. பக்கத்தில் உள்ள சின்ன லீவரை இழுத்தால் ஒரு பிளஞ்சர் மேலே எழும்பி, ஃப்ளோட் சேம்பரிலிருந்து தனியாக வருகிற பெட்ரோல் வழியைத் திறந்துவிடும். அந்தப் பெட்ரோலை மேலே இழுப்பது எது? த்ராட்டில் ஸ்லைடுக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் உண்டாகும் வேக்கம். ஸ்லைடு மூடியிருந்தால்தான் அந்த வேக்கம் பலமாக இருக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஸ்லைடு தூக்கிக்கொண்டு காற்று நேராகப் பாயும், வேக்கம் விழுந்துவிடும், சோக் வழியில் பெட்ரோல் வராது.

ஆகவே சோக்கையும் இழுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரையும் முறுக்கி முறுக்கி உதைக்கிற நண்பரே, நீங்கள் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குகிறீர்கள். வண்டி பற்றாது. பற்றாத ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போய்த் தங்கும். பதினைந்து உதைக்குப் பிறகு "சரி, ஆக்ஸிலேட்டர் வேண்டாம்" என்று மூடி உதைத்தால் சோக் வேலை செய்ய ஆரம்பித்து மேலும் ஊற்றும். பிளக் குளித்துவிடும்.

முறை இதுதான். முந்தின இரவே பெட்ரோல் டேப்பை மூடிவிட வேண்டும். ஃப்ளோட் ஊசி கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் போதும், ராத்திரி முழுக்க சொட்டுச் சொட்டாக இறங்கி காலையில் கிராங்க் கேஸ் கிணறாக இருக்கும். காலையில் டேப்பைத் திறந்து சேம்பர் நிரம்பச் சில நொடி விட்டு, சாவி போடாமலே சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் மூன்று நாலு முறை மெதுவாக மிதியுங்கள். பிறகு சாவியைப் போட்டு, கிக்கரை மேலிருந்து கீழ்வரை முழுசாக ஒரே உதை. பாதி உதை பத்து உதைப்பதைவிட முழு உதை ஒன்று மேல். பிடித்ததும் "ர்ர்ரூம் ர்ர்ரூம்" வேண்டாம். அரை நிமிஷம் விட்டு, மெதுவாக ஓட்டத் தொடங்கி, தெருமுனை தாண்டுவதற்குள் சோக்கை எடுத்துவிடுங்கள். டீக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்த சூடான வண்டிக்கு சோக் கூடவே கூடாது.

இவ்வளவுக்கும் மீறிப் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தால், உள்ளே அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது எல்லாமே தலைகீழ். டேப் மூடு, சோக் எடு, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திற, ஏழெட்டு உதை. காற்று மட்டும் போய் உள்ளே இருப்பதைத் துடைத்து எடுத்துவிடும். சிலசமயம் இதிலேயே பிடித்துக்கொள்ளும், உடனே ஆக்ஸிலேட்டரைக் குறைக்கத் தயாராக இருங்கள்.

சரி, நனைந்த பிளக்கும் கரி பிடித்த பிளக்கும் ஏன் ஸ்பார்க் தருவதில்லை? பிளக்கின் நடு எலெக்ட்ரோடுக்கும் வெளி இரும்புக்கும் இடையே வெள்ளைப் பீங்கான் இருக்கிறதல்லவா? அதன் வேலை மின்சாரத்தைத் தடுப்பது. காயிலிலிருந்து வரும் பல ஆயிரம் வோல்ட், முனையில் உள்ள 0.6 அல்லது 0.7 மி.மீ. சந்தைத் தாண்டிக் குதிக்க வேண்டும். ஆனால் கரி மின்கடத்தி ஆயிற்றே! பீங்கான் மூக்கில் அது படிந்தால், வோல்டேஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பீங்கான் மேலாகக் கசிந்து எர்த் ஆகிவிடும். குதிக்க வேண்டிய உயரத்துக்கு ஏறவே ஏறாது. எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: சந்துக்கு இணையாக ஒரு ரெசிஸ்டன்ஸை மாட்டினது மாதிரி. மெக்கானிக் அண்ணன்கள் இதைத்தான் "பிளக் ஷார்ட் ஆயிருச்சு" என்கிறார்கள், சரியான வார்த்தை. பழைய பாயிண்ட் வைத்த காயிலைவிட சி.டி.ஐ. இதைக் கொஞ்சம் சமாளிக்கும். அதில் வோல்டேஜ் சில மைக்ரோ வினாடிக்குள் உச்சிக்குப் போய்விடுவதால் கசிய நேரம் குறைவு.

இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து உதைத்தால் ஸ்பார்க் ஜோராக வரும். "பிளக் நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்று மாட்டினால் மறுபடி மௌனம். காரணம், சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டிருக்கும். அங்கே அதே சந்தைத் தாண்ட வெளியில் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும்.

ஸ்பார்க் பார்க்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பிளக் துவாரத்திலிருந்து உதைக்கு உதை பெட்ரோல் புகை பீய்ச்சும். அதன் பக்கத்திலேயே பிளக்கை வைத்தால் குப்பென்று பற்றும், கை முகம் எல்லாம் போகும். துவாரத்தை விட்டுத் தள்ளி, இன்ஜினில் வேறு இடத்தில் பிளக்கின் இரும்பு நன்றாக உரசும்படி வைக்க வேண்டும். எர்த் இல்லாமல் வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு உதைத்தால் காயிலோ சி.டி.ஐ.யோ அடிபடும்.

பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. பீங்கான் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கரி எரிந்து போய்விடும். 850 டிகிரிக்கு மேல் போனால் வேறு வம்பு, ஸ்பார்க் வருமுன்பே கலவை பற்றும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். ஹாஸ்டலிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து கேண்டீன் என்று அரைக் கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டியில் பிளக் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. ஸ்டாண்டில் போட்டு ஐடிலிங்கில் பத்து நிமிஷம் விடுவதும் அதே கதைதான். வாரத்துக்கு ஒரு நாளாவது பைபாஸில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் பிளக் கடைக்குப் போகும் காசு மிச்சம்.

இந்தச் சூட்டுக் கணக்குக்காகத்தான் பிளக்கில் நம்பர் போடுகிறார்கள். மூக்கு நீளமாக இருந்தால் சூட்டை மெதுவாக வெளியேற்றும், அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் கோல்ட் பிளக். என்.ஜி.கே.யில் நம்பர் ஏற ஏற கோல்ட். மைக்கோ, அதாவது பாஷ் பிளக்கில் நம்பர் ஏற ஏற ஹாட்! "ஏழாம் நம்பர் கொடுங்கண்ணே" என்று கம்பெனி பேர் சொல்லாமல் வாங்கினால் நிச்சயம் தகராறு. கடைக்காரரிடம் இணை நம்பர் அட்டவணை இருக்கும், கேளுங்கள்.

கழற்றிய பிளக்கின் நிறத்தைப் பார்க்கப் பழகுங்கள். இளம் காப்பி நிறம் என்றால் நலம். மை மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது சோக் பிளஞ்சர் முழுசாக இறங்கி மூடவில்லை. கறுப்பாக, ஈரமாக, பளபளவென்றிருந்தால் அது ஆயில். 2 ஸ்ட்ரோக்கில் முதலில் ஆயில் அளவைச் சந்தேகப்படுங்கள். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 1:50, 40 மில்லி என்றால் 1:25. "இன்ஜினுக்கு நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்பாக ஊற்றுகிற பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அளவு சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை, கியர் ஆயிலும் குறைகிறது என்றால் கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும். அதற்கு எத்தனை பிளக் மாற்றினாலும் பிரயோசனமில்லை. பிளக் வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, காற்று எங்கோ புகுகிறது.

சுத்தம் செய்யப் பெட்ரோலில் கழுவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, ஃபீலர் கேஜ் வைத்துச் சந்தைச் சரிபார்த்தால் போதும். கம்பி பிரஷ்ஷைப் பீங்கானில் போடாதீர்கள். இரும்புத் தடம் படிந்து அதுவே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். கேஸ் அடுப்பில் காட்டிச் சுடுகிற வைத்தியமும் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்.

டூர் போகிறவர்களுக்கு ஒன்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் கணக்கில் கலவை அடர்த்தியின் வர்க்கமூலப்படி மாறும், 0.8-க்கு வர்க்கமூலம் 0.89. அதாவது கீழே சரியாக இருந்த வண்டி மேலே சுமார் 10 சதவீதம் ரிச். குளிருக்கு சோக் வேண்டும்தான், ஆனால் கீழே விடுகிற நேரத்தில் பாதி போதும். ஒரு ஸ்பேர் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் பையில் இருக்கட்டும்.

பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டுக்குத் தனி மரியாதை. அங்கே பலத்தைக் காட்டினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே ஸ்பார்க் வருவதால், வேகம் போதாவிட்டால் அது பின்னால் தள்ளப்படும். பாயிண்ட் வண்டியில் சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். கனமாகத் தடுக்கும் இடத்தில் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் மைனஸிலிருந்து நடுவுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு உதை.

கடைசியாக, செமஸ்டர் லீவில் ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டி. ஃப்ளோட் சேம்பரில் கிடக்கும் பெட்ரோலின் லேசான பகுதி எப்போதோ ஆவியாகிப் போயிருக்கும். மிச்சம் குளிரில் பற்றாது. 2023 முதல் பங்க்குகளில் வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் கவனம். எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கேட்கும், ஈரத்தையும் உறிஞ்சும். உதைக்கும் முன் சேம்பரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழையதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தேங்கினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, டேங்கையும் காலி செய்ய வேண்டியதுதான். தெளிவாக இருந்தால் ஸ்க்ரூவை முடுக்கி, புதுப் பெட்ரோல் நிரம்பவிட்டு, அதற்கப்புறம் சோக்கை இழுங்கள்.