உறங்கும் நெருப்பு



இரவுச் சாப்பாடு முடிந்தபின் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைப்பது நம்மவர் பலருக்கு நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தைக் கைவிடுவதே உடலுக்கு நன்று என்பதை மருத்துவர்கள் ஓயாது கூறி வருகின்றனர். நான் இன்று சொல்ல வந்தது, புகைத்து முடித்தபின் எஞ்சும் சிறு துண்டைப் பற்றியது.

அடுப்பிலே எரியும் தீயை நாம் கண்ணாற் காண்கிறோம், ஆதலால் அஞ்சுகிறோம். சிகரட், பீடி, சுருட்டு ஆகியவற்றின் நெருப்போ சுவாலையின்றிக் கனல்வது. புகையை இழுக்கும்போது சிகரட்டின் நுனி 700 பாகை செல்சியசையும் கடந்து சூடேறும். சிறிது சாம்பல் மூடியதும், அது அணைந்துவிட்டதென நம்பிவிடுகிறோம்.

அத்துண்டு பஞ்சு மெத்தையிலோ கதிரையின் மடிப்பிலோ விழுந்தால், உடனே தீ எழுவதில்லை. பஞ்சினிடையே காற்று தங்கியிருப்பதால், கனல் மெல்ல மெல்ல உள்ளே ஊர்ந்து செல்லும். ஒரு மணி நேரம், சிலவேளை பல மணி நேரம் கழித்தே சுவாலை தோன்றும். அதற்குள் வீட்டார் விளக்கணைத்து உறங்கியிருப்பர். கனலும் மெத்தையிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசன் சேரவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்வதால், உறங்குபவர் விழித்தெழாமலே மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். தீ எழுமுன்பே உயிர் பிரிவதும் உண்டு. புகைத்தவர் ஒருவர்; பக்கத்தறையிலே பாயிற் படுத்திருக்கும் குழந்தையும் அதற்குப் பலியாகலாம்.

கிடுகும் பனையோலையும் வேய்ந்த வீடுகளில் இவ்வாபத்து இன்னும் பெரிது. மலையகத்து லயங்களிலோ ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஒருவரது கவலையீனம் அயலார் அனைவரையும் வீதியில் நிறுத்திவிடும்.

இழுக்காதுவிட்டால் தானே அணையும் வகையில், தாளிலே தடித்த வளையங்கள் இட்ட சிகரட்டுகளையே விற்கவேண்டுமென 2004ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலம் விதித்தது. 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வழி சென்றது. ஆயினும், அத்தகைய சிகரட்டும் மெத்தையிற் பட்டால் தீமூட்டக்கூடும். பொறியை மறப்பவருக்கு எந்தத் தாளும் முழுக்காவலாகாது.

ஆகவே, சில விதிகளைக் கடைப்பிடிப்போமாக. படுக்கையில் ஒருபோதும் புகைத்தலாகாது. மது அருந்தியோரும், தூக்கம் தரும் மருந்து உட்கொண்டோரும் கையில் நெருப்பை ஏந்தலாகாது. நோயாளிக்கு ஒட்சிசன் கொடுக்கப்படும் வீட்டினுள் எவரும் புகைத்தலாகாது. தீப்பெட்டியைச் சிறுவர் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். துண்டுகளை நீரில் நனைத்த பின்னரே குப்பைக் கூடையிற் போடவேண்டும். உறங்கச் செல்லுமுன், புகைத்தவர் இருந்த கதிரையையும் மெத்தையையும் தடவிப் பார்த்தல் வீட்டார் கடமை.

வீட்டிற் புகை சூழ்ந்துவிட்டால், பொருளைக் காக்க முயலவேண்டாம். எல்லாரையும் எழுப்பி, தரையோடு தாழ்ந்து வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, 110 என்ற இலக்கத்தில் தீயணைப்புச் சேவையை அழையுங்கள். மீண்டும் உள்ளே செல்லாதீர்கள்.

இதற்கெல்லாம் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திண்ணையோரத்தில் ஒரு சிரட்டை தண்ணீர் வைத்திருங்கள். துண்டு அதனுள் விழுந்து ‘சுர்’ என்று ஒலிக்கும்வரை, அந்த நெருப்பு உயிரோடு இருப்பதாகவே எண்ணுங்கள்.