அரிசி டப்பாவிலிருந்து வயலுக்கு

அரிசி டப்பாவைத் திறந்தால் சாம்பல் நிறப் பூச்சி பறக்கிறது, உள்ளே அரிசி நூல் கட்டிக் கட்டிகட்டியாகக் கிடக்கிறது, என்ன மருந்து வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார் ஸ்ரீரங்கத்து வாசகி ஒருவர். சாப்பிடும் அரிசிக்கு மருந்தே வேண்டாம். வெயிலில் காயவைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் போதும்.

அது அரிசி அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் கார்சைரா செபலோனிகா. பெண் பூச்சிக்கு முகத்தின் முன்னே கூரிய மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு அது குட்டை. சிறகு முளைத்தபின் இது எதையும் தின்பதில்லை. அரிசியைத் தின்று நூல் கட்டுவதெல்லாம் புழுதான்.

வீட்டில் விரட்டும் இதே பூச்சியை ஆய்வுக்கூடங்களில் தீனி போட்டு வளர்க்கிறார்கள். இரண்டரை கிலோ உடைத்த கம்பு, 100 கிராம் நிலக்கடலைப் பொடி, கொஞ்சம் ஈஸ்ட், கந்தகம். இவ்வளவுதான் ஒரு பேசினுக்கான தீனி. சுமார் 40 நாளில் அந்து வெளிவரத் தொடங்கும். அதன் முட்டைகளைச் சேகரித்து, புற ஊதா விளக்கில் காட்டிக் கருவை அழித்து, பசை தடவிய அட்டையில் தூவுகிறார்கள். பிறகு டிரைக்கோகிரம்மா குளவிகளை விடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி, அந்துவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். சில நாளில் முட்டைகள் கறுத்து, அட்டை கறுப்பு உப்புத்தாள் போல ஆகிவிடும். 1 சிசி அட்டையில் 16,000 முதல் 20,000 முட்டைகள்.

லால்குடி, அந்தநல்லூர் பக்கம் சம்பா வயலில் நடுக்குருத்து காய்வதற்கும் கதிர் வெளுத்துப் பதராவதற்கும் காரணமான குருத்துப்பூச்சியும் இதே மூக்கு அந்துக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இலை நுனியில் முட்டைக் குவியலை வைத்து, தன் வயிற்று மயிரால் மூடிவிடும். அந்த மயிருக்கு அடியிலுள்ள முட்டைகளையும் தேடிப்பிடிப்பது டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற இனம். ஓர் அந்துவின் முட்டையில் பிறந்த குளவி, இன்னோர் அந்துவைக் கருவிலேயே அழிக்கிறது. புழு தண்டுக்குள் புகுந்தபின் அடிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. குளவியோ புழு பிறக்கவே விடுவதில்லை.

இவ்வளவு நல்ல துணையை நாமே கொன்றுவிடுகிறோம். வயலில் இறங்கி முட்டைக் குவியல் இருக்கிறதா என்று பார்க்காமல், பக்கத்து வயலில் அடித்தார்கள் என்று நாமும் மருந்தடித்தால் முதலில் சாவது குளவிதான். ஹெக்டேருக்கு 5 சிசி வீதம், நட்ட 30, 37-ஆம் நாள்களில் அட்டை கட்டுவது பரிந்துரை. அந்த நாள்களை ஒட்டி மருந்துத் தெளிப்பானைத் தொடாதீர்கள். நாற்று நடும்போதே நுனியைக் கிள்ளிவிட்டால், முட்டைகளில் ஒரு பகுதி நாற்றங்காலோடு ஒழியும்.