புகை எங்கே போகிறது?

நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் மாலை வேளையில் நின்று பார்த்தால், எங்கேனும் ஓரிடத்தில் குப்பை எரியும் புகை எழுவதைக் காணலாம். பனை உயரம் சென்றதும் அது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மறைந்த புகை என்னவாயிற்று? தரையில் நின்றுகொண்டு இதற்கு விடை காண இயலாது.

மேல்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறிய, மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறையினர் கருவி கட்டிய பலூனைப் பறக்கவிடுகின்றனர். ஆனால் பலூன் காற்று இழுத்த திசையிலேயே செல்லும். கனமான கருவிகளையும் சுமவாது. ஆகவே ஆராய்ச்சிக்கு விமானம் வேண்டியதாயிற்று.

2006ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் இத்தகையதோர் ஆய்வை நடத்தினர். கடலில் 'சாகர் கன்யா' என்னும் கப்பல் சென்றது. வானில் ஒரு சிறு விமானம் புவனேசுவரம், சென்னை, திருவனந்தபுரம், கோவா முதலிய இடங்களிலிருந்து புறப்பட்டு, பல உயரங்களில் காற்றை அளந்தது.

வெப்பமானியை வெளியே நீட்டினால் போதுமே என எண்ணலாம். போதாது. மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கையில், எதிர்க்காற்று கருவியில் மோதி நெருக்குண்டு, உள்ளதைவிட ஏறத்தாழ 5 டிகிரி கூடுதலாகக் காட்டும். அதைக் கணக்கிட்டுக் கழிக்கவேண்டும். சாக்கின் எடையைக் கழித்து நெல்லின் எடையைக் காண்பது போன்றதே இது. புகைக்கரியை அளப்பது எளிது. குழாய்வழி இழுத்த காற்றை வடிதாளில் செலுத்துவர். கரி படியப் படியத் தாளை ஊடுருவும் ஒளி குறையும். அக்குறைவே கரியின் அளவைச் சொல்லிவிடும்.

கண்டது வியப்பானது. உயரச் செல்லச் செல்லப் புகை ஒரே சீராகக் குறையவில்லை. சில இடங்களில் தரைக்கு வெகு மேலே தனிப் படலமாக நின்றது. அங்கே கரி வெயிலை உண்டு, சுற்றிலுமுள்ள காற்றைச் சூடாக்குகிறது.

உழவருக்கு இதில் என்ன? 2009 முதல் புனே வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் விமானத்தை மேகத்துக்குள்ளேயே செலுத்தி, நீர்த்துளிகளை அளந்துள்ளனர். காற்றில் நுண்துகள் மிகுந்தால், உள்ள நீர் பல துகள்களுக்கும் பங்காகித் துளிகள் சிறுத்துவிடுகின்றன. அத்தகைய மேகம் இன்னும் உயரமாக வளர்ந்த பின்னரே மழைத்துளி உண்டாகிறது. வளருமுன் கலைந்தால் மழை இல்லை.

2018 போகியன்று சென்னையில் பழம்பொருள்களை எரித்த புகை பனியோடு கலந்து, விமானப் போக்குவரத்தையே தடுத்தது. அன்று புகையைக் காணக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.